பாசி வளர்ப்புக் கட்டுரைக்குச் சான்று: கூகுள் ஸ்காலரா, மண்டபம் களஞ்சியமா, சோத்கங்காவா?

இராமநாதபுரம் கடற்கரையில் ஆய்வுக் கட்டுரைக்குத் தலைப்புப் பஞ்சமே இல்லை. சான்றுகளும் நிறைய உண்டு. எதை எங்கே தேடுவது, எதை எதற்கு நம்புவது என்பதில்தான் மாணவர்கள் இடறுகிறார்கள். ஒரே தலைப்பை எல்லா இடத்திலும் தேடிப் பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும். மண்டபம், பாம்பன் கரையில் மூங்கில் மிதவைகளில் வளர்க்கும் கப்பாபைகஸ் பாசியையே எடுத்துக்கொள்வோம். ஊரில் இதற்குப் ‘பெப்சி பாசி’ என்று பெயர்.

பலரும் முதலில் திறப்பது ஆய்வுத்தாள்களைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலர். ஊர்ப்பெயரைத் தமிழில் தட்டினால் பயன் அதிகம் இருக்காது. அறிவியல் பெயரை ஆங்கில எழுத்தில் இரட்டை மேற்கோள் குறிக்குள் இட்டு, மண்டபம் அல்லது மன்னார் வளைகுடா என்பதையும் சேர்த்துத் தேட வேண்டும். பழைய தாள்களில் இதே பாசி யூக்கீமா என்ற பெயரில் இருக்கும். அதைத் தனியாகத் தேடாவிட்டால் தொடக்கக் கால ஆய்வுகள் கண்ணில் படாமலே போகும். ஸ்காலரின் உண்மையான பலம் தேடலைவிட, ஒவ்வொரு தாளின் கீழும் இருக்கும் ‘இதை மேற்கோள் காட்டியவை’ என்ற இணைப்பில்தான் இருக்கிறது. குருசடைத் தீவின் பவளங்கள்மேல் இந்தப் பாசி படர்ந்துவிட்டதாகச் சொன்ன தாள் 2008இல் கரண்ட் சயின்ஸ் இதழில் வந்தது. அந்த இணைப்பைச் சொடுக்கினால் அதை எடுத்தாண்ட பிற்காலத் தாள்கள் வரிசையாக வந்து நிற்கும். ஒரு விவாதம் எப்படி வளர்ந்தது என்று பார்க்க இதைவிட நல்ல வழி கிடையாது.

ஆனால் நம் கரையைப் பற்றிய கட்டுரைக்கு ஸ்காலரில் தொடங்குவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். முதல் இடம் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் இணையக் களஞ்சியத்துக்குத்தான். 1947இல் தொடங்கிய இந்நிறுவனத்தின் தலைமையகம், 1971இல் கொச்சிக்கு மாறும்வரை மண்டபம் முகாமில்தான் இருந்தது. அதனால் இந்தக் கடலின் மீன், சங்கு, பாசி பற்றிப் பல பத்தாண்டுப் பதிவுகள் அங்கே குவிந்திருக்கின்றன. பெரும்பாலானவற்றை முழுக் கோப்பாக இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். குறையும் உண்டு. பழைய இதழ்களை வருடியெடுத்த கோப்புகளில், படத்தை எழுத்தாக மாற்றும் எழுத்துணரி மென்பொருள் 3ஐ 8 ஆக்கிவிடும், தசமப் புள்ளியை விழுங்கிவிடும். எண்ணை நகலெடுத்து ஒட்டாமல் பக்கத்தின் படத்தைப் பார்த்துத் தட்டுங்கள். அங்குள்ளவை எல்லாமே முழு ஆய்வுத்தாள்கள் அல்ல, சில ஒரு பக்கக் களக்குறிப்புகள். ‘இந்த ஆண்டில் இங்கே இது கிடைத்தது’ என்று காட்ட அவை போதும். காரணம் நிறுவ அவை தாங்காது.

பாசி விளைச்சலில் பலரும் விழும் குழி ஒன்று இருக்கிறது. ஒரு தாள் ஈர எடையைச் சொல்லும், இன்னொன்று உலர் எடையைச் சொல்லும். பத்துக் கிலோ ஈரப்பாசி காய்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோதான் தேறும். இரண்டையும் ஒரே அட்டவணையில் கலந்தால் கணக்கு பத்து மடங்கு பிசகிவிடும். எடுத்தாளும் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்திலேயே ஈரமா உலர்வா என்று குறித்துவிடுங்கள்.

யார் எழுதியது என்பதையும் பார்க்க வேண்டும். இந்த வளர்ப்பு முறையை மண்டபத்துக்குக் கொண்டுவந்தது மத்திய உப்பு மற்றும் கடல்சார் இரசாயன ஆராய்ச்சி நிறுவனம். தொழில்நுட்பத்தைத் தந்தவர்களே அதன் விளைவையும் மதிப்பிட்டால் தாள் தவறு என்று ஆகிவிடாது. ஆனாலும் அந்த நிறுவனத்தின் பெயரை உங்கள் வாக்கியத்திலேயே சொல்லி, பவளப்பாறைப் பாதிப்பைச் சொன்ன தாளையும் அருகில் வைப்பதுதான் நேர்மை.

இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையத் தொகுப்பான சோத்கங்காவில் முனைவர் பட்ட ஆய்வேடுகள் கிடைக்கும். பலவும் இயல் இயலாகத் தனித்தனிக் கோப்புகளாக இருக்கும். முதலில் துணைநூற்பட்டியல் கோப்பைத் திறவுங்கள், பல மாத உழைப்பு அதில் தயாராக இருக்கிறது. ஆனால் அங்கே கண்ட நூலைப் படிக்காமலே உங்கள் பட்டியலில் ஏற்றக் கூடாது. தமிழ் ஆய்வேடுகள் பல பழைய எழுத்துருவில் இருப்பதால், உள்ளே சொல்லைத் தேடினால் கிடைக்காது, நகலெடுத்தாலும் குப்பையாக வரும். மேற்கோளில் பட்டம் பெற்ற ஆண்டைத்தான் தர வேண்டும், பதிவேற்றிய ஆண்டை அல்ல. கோப்பின் இணைப்பைவிட, 10603 என்ற எண் வரும் நிலையான முகவரியைக் கொடுப்பது நல்லது.

செய்தித்தாள் போராட்டத் தேதிக்கும் அரசு அறிவிப்புக்கும் உதவும், அறிவியலுக்கு உதவாது. செயற்கை நுண்ணறிவு தரும் மேற்கோள்களில் இல்லாத தாள்களும் கலந்து வரும். ஒவ்வொரு தாளுக்கும் உரிய நிலையான இணைய அடையாளமான டிஓஐ எண்ணைத் தட்டிப் பார்த்து, தாள் உண்மையில் திறந்தால் மட்டும் அடுத்த வேலைக்குப் போங்கள்.

மேற்கோள் முறையில் ஏபிஏவும் (அமெரிக்க உளவியல் சங்க முறை) எம்எல்ஏவும் (அமெரிக்க நவீன மொழிச் சங்க முறை)தான் போட்டி. மேலே சொன்ன கரண்ட் சயின்ஸ் தாளை எடுத்தால், ஏபிஏயில் (சந்திரசேகரன் மற்றும் பிறர், 2008) என்று பெயரோடு ஆண்டு வரும், எம்எல்ஏயில் ஆண்டுக்குப் பதில் பக்க எண் வரும். ஆண்டுக்கு ஆண்டு நிலைமை மாறும் பாசி போன்ற தலைப்புக்கு ஏபிஏ பொருந்தும். சேதுபதிகள் காலக் கல்வெட்டு, இலக்கியம் என்றால் எம்எல்ஏ. துறை ஒன்றைச் சொல்லியிருந்தால் அதற்கு மேல் பேச்சில்லை.

பட்டியலைக் கையால் எழுதுவதா, மேற்கோள்களைத் தொகுத்துத் தரும் சோட்டேரோ மென்பொருளிடம் விடுவதா? பத்துச் சான்றுக்கு மேல் போனால் சோட்டேரோதான். டிஓஐயைக் கொடுத்தால் விவரங்களைத் தானே நிரப்பிக்கொள்ளும். தமிழ்ப் பெயர்களில் மட்டும் தடுமாறும். தந்தை பெயரின் முதலெழுத்தோடு வரும் பெயரைக் குடும்பப்பெயர், முன்பெயர் என்று பிரித்து, தந்தை பெயரையே ஆசிரியர் பெயராக்கிவிடுவதும் உண்டு. ஆசிரியர் கட்டத்தை ஒற்றைப் புலமாக மாற்றி, பெயரை முழுதாக இட்டால் சரியாகும்.

பாசி எடுக்கும் பெண்களிடம் நேரில் கேட்டதை ஏபிஏயில் பட்டியலில் சேர்ப்பதில்லை. வாக்கியத்துக்குள்ளேயே ‘நேர்ப்பேச்சு’ என்றும் தேதியும் குறிக்க வேண்டும். பெயர் போட அவர் சம்மதிக்காவிட்டால் ‘சின்னப்பாலத்துப் பாசி சேகரிப்பாளர்’ என்று எழுதினால் போதும்.