மஞ்சள் மீட்டரா, யூனி-டியா, ஃப்ளூக்கா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஆட்டோகேட் (தானாகத் திறக்கும் வாசல் கேட்), வாஷிங் மெஷின் இவற்றின் சர்க்யூட் போர்டுகளைப் பழுது பார்த்துக் கொடுக்கிறேன். "அண்ணே, வோல்ட், கரண்ட் பார்க்க எந்த மல்டிமீட்டர் வாங்கலாம்?" என்று தொழில் பழகும் தம்பிகள் கேட்பார்கள். போர்டு வேலையா, வயரிங் வேலையா என்று முதலில் கேட்பேன்.

பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) கிடைக்கும் மஞ்சள் டிடி830 மீட்டர், கார் பேட்டரி பார்க்கப் போதும். திரையில் எண் 1999க்கு மேல் ஓடாது, 20 வோல்ட் ரேஞ்சு 19.99 உடன் முடிந்துவிடும். ஆட்டோகேட்டின் 24 வோல்ட்டுக்கு 200 ரேஞ்சுக்குப் போனால் 24.3 என்று ஒரே தசமத்தோடு நிற்கும். அதுகூடப் பரவாயில்லை. உள்ளே 9 வோல்ட் பேட்டரி இறங்க இறங்க, காட்டும் எண் ஏறும். அப்படி ஒரு நாள் வோல்ட்டைச் சீராக வைக்கும் நல்ல ரெகுலேட்டரைக் கெட்டுப்போனது என்று நினைத்துக் கழற்றிப் போட்டேன். கரண்ட் பார்க்கும் 10 ஆம்ப் துளைக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் இல்லை என்று அச்சடித்திருப்பார்கள், யாரும் படிப்பதில்லை. கரண்ட் பார்த்துவிட்டுச் சிவப்புக் கம்பியை மாற்றிக் குத்த மறந்து, அப்படியே 230 வோல்ட்டில் வைத்தால் வெடிதான். எனக்குக் கம்பி முனை உருகியதோடு போயிற்று.

உண்மையான போட்டி யூனி-டி யூடி139சிக்கும் ஃப்ளூக் 17பி பிளஸ்ஸுக்கும்தான். ஃப்ளூக் 4000 எண் வரை, யூனி-டி 6000 எண் வரை. 24 வோல்ட்டில் இரண்டும் ஒரே மாதிரி 24.31 என்று காட்டும். 5 வோல்ட்டில்தான் வித்தியாசம்: ஃப்ளூக் 5.02, யூனி-டி 5.021. யூனி-டியில் ட்ரூ ஆர்எம்எஸ் (அலை எந்த வடிவில் இருந்தாலும் ஏசியைச் சரியாக அளப்பது) உண்டு, 17பி பிளஸ்ஸில் இல்லை. முழுச் சதுர அலையை அது இல்லாத மீட்டரில் பார்த்தால் 11 விழுக்காடு கூடக் காட்டும். ஆனால் போர்டில் பாதிக்கு மேல் டிசிதானே, எனக்கு அது பெரிதாகப் படவில்லை. மிகச் சிறிய கரண்ட்டை அளக்கும் மைக்ரோ ஆம்ப் ரேஞ்சு இரண்டிலும் இருக்கிறது. ரிமோட் பேட்டரி ஏன் மாதம் ஒரு முறை தீர்கிறது என்று பிடிக்க அதுதான் வேண்டும்.

ஃப்ளூக்குக்குக் கொடுக்கும் கூடுதல் காசு, தவறிக் குத்தினால் நம்மைக் காக்க உள்ளே இருக்கும் 1000 வோல்ட் ஃபியூஸ்களில் தெரியும். ஒன்று போனால் இங்கே கடைத்தெருவில் கிடைக்காது, ஈப்போவில் தேட வேண்டும். அந்த ஒரு ஃபியூஸ் விலைக்கு மஞ்சள் மீட்டரே வாங்கலாம். அதற்காகச் சாதாரணக் கண்ணாடி ஃபியூஸைச் செருகிவிட்டால், அந்தப் பாதுகாப்புப் போய்விடும்; நீங்கள் வாங்கியது ஃப்ளூக்கே இல்லை.

இவற்றைவிட விலை கூடிய ஃப்ளூக் 117ஐப் போர்டு வேலைக்கு வாங்காதீர்கள். அதில் மில்லி ஆம்ப், மைக்ரோ ஆம்ப் ரேஞ்சே கிடையாது. அது வயரிங்காரர் மீட்டர். பழைய தோட்ட லயங்களில், அறுத்துவிட்ட வயர்கூட உயிருள்ள வயர் பக்கத்தில் ஓடினால் சாதாரண மீட்டரில் பத்திருபது வோல்ட் காட்டும். 117இல் லோ-இசட் (மீட்டரின் உள்தடையைக் குறைத்து அளக்கும் நிலை) வைத்தால் அந்தப் பேய் வோல்ட் உடனே விழுந்துவிடும்.

போன வாரம் கேட்ட தம்பிக்கு யூடி139சி போதும் என்றேன். மாடிப்படியடி மெயின் போர்டைத் திறக்கும் நாளில் மட்டும் என் 17பி பிளஸ்ஸை வாங்கிப் போகச் சொல்லியிருக்கிறேன்.