மூன்று ஓபன்-பேக் ஹெட்போன்கள்: காது சொல்வதும் தலை சொல்வதும்

கச்சேரி ஒலிப்பதிவுகளை மிக்ஸ் செய்வதும் (குரல், வாத்தியத் தடங்களைச் சேர்த்து அளவு பார்ப்பது), குறும்படங்களின் வசனத் தடத்தைச் சுத்தம் செய்து கொடுப்பதும் என் வேலை. வீட்டில் சின்ன அறை, வெறும் சுவர். அங்கே எவ்வளவு நல்ல ஸ்பீக்கர் வைத்தாலும் எதிரொலி வந்து குழப்பும். அதனால் பல வருடங்களாகப் பெரும்பாலான வேலையை ஓபன்-பேக் ஹெட்போனில்தான் செய்கிறேன். சென்ஹைசர் ஹெச்டி 600, பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோவின் 250 ஓம் (மின்தடை அளவு) மாடல், ஏகேஜி கே 702 ஆகிய மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பழகியிருக்கிறேன். ஒலிக்கு ஒரு மதிப்பெண், வசதிக்கு ஒரு மதிப்பெண் என்று பிரித்துப் போடும் விமர்சனங்களில் எனக்கு இப்போது நம்பிக்கை இல்லை. காதுக்கும், ஒலியை எழுப்பும் பாகமான டிரைவருக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்பதைக் காதைச் சுற்றியிருக்கும் பேடின் தடிமனும் தலைக்கு மேல் வரும் பேண்டின் இறுக்கமும்தான் முடிவு செய்கின்றன. அந்த இடைவெளி மாறினால் ஒலியும் மாறிவிடும். தலைக்கு ஒத்துவராத ஹெட்போனை நாம் அடிக்கடி நகர்த்திக்கொண்டே இருப்போம். ஒவ்வொரு முறை நகர்த்தும்போதும் வேறு ஒலியைக் கேட்டு முடிவெடுப்போம்.

ஓபன்-பேக் பற்றித் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: காதின் மேல் வரும் கப்பின் வெளிப்பக்கம் மூடாமல் வலையாக இருக்கும். டிரைவரின் பின்பக்க ஒலி உள்ளே மோதித் திரும்பாமல் வெளியேறிவிடும். அதனால் பாட்டு தலைக்குள் அடைந்து கிடக்காமல் சற்று விரிந்து கேட்கும். 1968-ல் சென்ஹைசர் வெளியிட்ட ஹெச்டி 414-தான் இந்த வகைக்கு வழி திறந்தது. ஆனால் உள்ளே ஓடுவது பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும், வெளியே நடப்பது நமக்கும் கேட்கும். மைக் முன்னால் பாடுகிறவருக்கு இதைக் கொடுக்கவே கூடாது, தாளத் தடம் அப்படியே மைக்கில் ஏறிவிடும்.

ஹெச்டி 600-லிருந்து ஆரம்பிக்கிறேன். 1997-ல் வந்த மாடல், இன்றும் விற்கிறது. அதற்குக் காரணம் அதன் மிட்ஸ், அதாவது மனிதக் குரல் வாழும் பகுதி. பாடகரும் வயலினும் ஒரே ஸ்தாயியில் நெருங்கிப் போகும் ஆலாபனையில், எது குரலின் கார்வை, எது வில்லின் இழுப்பு என்று இதில் பிரித்துக் கேட்க முடிகிறது. குரலில் மூக்கொலி கொஞ்சம் தூக்கலாக இருந்தால் உடனே தெரியும். வசனத்தில் ஒரு சொல் மட்டும் மைக்கிலிருந்து விலகிப் பேசப்பட்டிருந்தாலும் தெரியும். இதில் சரியாக வைத்த குரல் அளவு காரிலும் போனிலும் டிவியிலும் அநேகமாக அப்படியே நிற்கிறது. இந்த நம்பிக்கை எனக்கு மற்ற இரண்டிலும் வரவில்லை.

குறை இல்லாமல் இல்லை. சுமார் 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி வெகுவாகக் குறைந்துவிடுகிறது. தவிலின் அடிநாதத்தையோ சினிமாப் பின்னணியில் வரும் ஆழமான அதிர்வையோ இதில் மட்டும் கேட்டு முடிவு செய்ய முடியாது. ஸ்டீரியோ விரிவும் குறுகல்தான். நடுவில் பாடகர், ஒரு ஓரத்தில் வயலின், மறு ஓரத்தில் மிருதங்கம் என்று மூன்று இடத்தில் திட்டுத்திட்டாக நிற்கும், இடையில் இருக்கும் வெளி அவ்வளவாகத் தெரியாது. கடம், கஞ்சிரா எல்லாம் சேர்ந்த கச்சேரியில் இடம் பிரித்து வைப்பதற்கு இது சிறந்த கருவி அல்ல.

தலையில் எப்படி? புதிதாக வாங்கியபோது இறுக்கம் அதிகம். கேபிள் இல்லாமல் எடை 260 கிராம்தான், ஆனாலும் கன்னத்துப் பக்கம் அழுத்தம் நன்றாகத் தெரியும். கண்ணாடி போடுகிறவர்களுக்கு இன்னும் அதிகம். கண்ணாடியின் காது பக்கத்துக் கம்பி பேடுக்கும் நெற்றிப்பொட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும், சில மணி நேரத்தில் அங்கே வலி எடுக்கும். பேண்டை நீட்டி, உள்ளே இருக்கும் உலோகத் தகட்டைக் கையால் மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக வளைத்து விரித்தால் இது பெரும்பாலும் தீர்ந்துவிடும். அவசரப்படாமல் செய்ய வேண்டும். ரொம்பத் தளர்த்திவிட்டால் பேட் காதைச் சுற்றிச் சரியாகப் படியாது, இருக்கிற பாஸும் (ஆழமான தாழ்ந்த ஒலி) போய்விடும். அளவாகத் தளர்ந்த ஹெச்டி 600 எடையைத் தலையின் இரு பக்கமும் பகிர்ந்துகொள்கிறது, உச்சந்தலைக்குப் பாரமே வருவதில்லை. மாலை வேலை நள்ளிரவைத் தாண்டும் நாட்களில் நான் கையில் எடுப்பது இதைத்தான்.

டிடி 990 ப்ரோ அப்படியே எதிர்ப்பக்கம். தலைக்கு மெத்து, காதுக்குக் கூர்மை. ஜெர்மனியின் ஹைல்பிரான் நகரத்து நிறுவனமான பேயர்டைனமிக் 1985-ல் கொண்டுவந்த டிடி 990-ன் ஸ்டுடியோ வடிவம் இது. வட்டமான சாம்பல் நிற வெலூர் (வெல்வெட் போன்ற துணி) பேட், காது முழுவதும் உள்ளே அடங்கும் இடம். புதிதாக எடுத்து மாட்டினாலும் உறுத்தாது. கண்ணாடிக் கம்பிக்கு அந்த வெலூர் வளைந்து கொடுக்கிறது.

ஆனால் ட்ரெபிள், அதாவது கூர்மையான உச்ச ஒலிப் பகுதி! 8 கிலோஹெர்ட்ஸ் சுற்றி ஒரு பெரிய மேடு இருக்கிறது. தம்புராவின் ஜீவா தரும் ரீங்காரம் கண்ணாடித்தூள் சிதறுவது போலக் கேட்கும். கஞ்சிராவின் சலங்கை முகத்துக்கு நேரே ஆடும். 'ஸ', 'ஷ' வரும் இடமெல்லாம் கீறும். ஒன்றிரண்டு பாட்டுக்கு இது பரவசம், பதிவில் இல்லாத தெளிவு இருப்பது மாதிரித் தோன்றும். ஒரு மணி நேரம் போனால் தலை சுகமாக இருக்கும்போதே காது களைத்துவிடுகிறது. களைத்த காது தானாகவே ட்ரெபிளைக் குறைக்கச் சொல்லும். அதைக் கேட்டு ஈக்யூவில் (ஒலியின் ஒவ்வொரு பகுதியையும் கூட்டிக் குறைக்கும் வசதி) இறக்கினால், மற்ற இடங்களில் அந்த மிக்ஸ் போர்வைக்குள்ளிருந்து வருவது போல மந்தமாகிவிடும். பாஸும் கொஞ்சம் ஊட்டப்பட்டதுதான், நடுவில் குரல் ஓரடி பின்னால் போய் நிற்கிறது.

அதற்காக இதை ஒதுக்கவில்லை. சுத்தம் செய்யும் வேலைக்கு இதைப் போல இன்னொன்று என்னிடம் இல்லை. வாய் உலர்ந்து வரும் சின்ன 'க்ளிக்', சட்டை மைக்கில் உரசுவது, எடிட்டிங்கில் இரண்டு துண்டுகள் ஒட்டிய இடத்தில் வரும் மெல்லிய வெட்டு, பழைய பதிவின் இரைச்சல் என்று எல்லாவற்றையும் அந்தக் கூர்மை தோண்டி எடுத்துக் கொடுக்கிறது. நான் முதலில் இதை மாட்டித் தடங்களைச் சுத்தம் செய்கிறேன். அப்புறம் கழற்றி வைத்துவிட்டு, காதுக்கு ஓய்வு கொடுத்து, ஹெச்டி 600-ல் அளவு பார்க்கிறேன். பாட்டு கேட்கவும் இதையே வைத்துக்கொள்வதானால், 8 கிலோஹெர்ட்ஸ் பக்கம் 5 அல்லது 6 டெசிபல் இறக்கிக் கேளுங்கள், வேறு ஹெட்போன் ஆகிவிடும். இன்னொன்று: இதன் சுருள் கேபிளைக் கழற்ற முடியாது. நாற்காலிச் சக்கரத்தில் மாட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மற்ற இரண்டிலும் கேபிளைக் கழற்றி மாற்றிவிடலாம்.

கே 702 மூன்றிலும் லேசானது, 235 கிராம். ஆனால் உச்சந்தலையில் முதலில் பாரம் தெரிவது இதில்தான். இதை எடையை மட்டும் வைத்துப் புரிந்துகொள்ள முடியாது. பக்கவாட்டு இறுக்கம் குறைவு, அதனால் எடை மேலே தொங்கும் தோல்பட்டையில் போய் உட்காருகிறது. அந்தப் பட்டையின் உள்பக்கம் வரிசையாக மேடுகள். அடர்த்தியான முடி இருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாமல் போகலாம். எனக்குத் தெரிகிறது. பட்டையில் மெல்லிய துணிச் சுற்று ஒன்று கட்டியதும் நன்றாகிவிட்டது. அதே குடும்பத்தின் கே 712 ப்ரோவில் இந்த மேடுகளே கிடையாது.

ஒலியில் இதன் பலம் விரிவு. ஹெச்டி 600-ல் மூன்று திட்டாக நின்ற கச்சேரி இதில் மேடையாக விரிகிறது. எதிரொலி எங்கே ஆரம்பித்து எங்கே கரைகிறது, கடம் மிருதங்கத்துக்கு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதெல்லாம் கணக்காகக் கேட்கும். பேனிங்கையும் (ஒலிகளை இடம், வலம் பிரித்து வைப்பது) ரிவெர்பையும் (எதிரொலி சேர்ப்பது) இதில்தான் முடிக்கிறேன். பாஸ் மெலிவு, அதை நம்பி பாஸைக் கூட்டினால் ஸ்பீக்கரில் குமுறும். 2 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒரு அழுத்தமும் உண்டு. என் காதுக்கு நாதஸ்வரம் இதில் இருக்க வேண்டியதைவிட ஒரு படி முன்னால் வருகிறது.

இனி எந்த வெளிநாட்டு விமர்சனத்திலும் கிடைக்காத விஷயம்: நம் ஊர் வெயிலும் மின்விசிறியும். ஏப்ரல், மே மாதங்களில் தோல் மாதிரி பேட் போட்ட, கப் மூடிய குளோஸ்டு-பேக்கில் அரை மணி நேரம் உட்கார்ந்தவர்களுக்குக் காதைச் சுற்றி வழியும் வியர்வை தெரியும். இந்த மூன்றும் துணி வகைப் பேட், கப்பும் திறந்தது, காற்று போய்வரும். அந்த அளவில் நிம்மதி. ஆனால் வெலூர் வியர்வையையும் தலை எண்ணெயையும் குடித்துக்கொண்டு கெட்டியாகிவிடும். வேலை முடிந்ததும் உடனே பெட்டியில் போட்டு மூடாதீர்கள், வெளியே தொங்கவிட்டு ஆறவிடுங்கள். தலைக்கு எண்ணெய் வைத்த நாளில் ஹெட்போன் வேண்டாம். பேடைக் கழற்றி, லேசான சோப்பு கலந்த தண்ணீரில் கையால் அலசி, பிழியாமல் அழுத்தித் தண்ணீரை எடுத்து, நிழலில் முழுவதும் உலர்த்தி மாட்டலாம். நான் இப்படித்தான் பராமரிக்கிறேன்.

அப்படியும் பேட் ஒருநாள் தட்டையாகும். அப்போது காது டிரைவருக்கு நெருங்கிவிடும், சில சமயம் உள்ளே இருக்கும் பஞ்சையே தொடும். ஹெச்டி 600-ல் இந்த மாற்றம் எனக்கு நன்றாகக் கேட்டது: குரலின் கீழ்ப்பகுதி தடித்து, மேலே இருந்த காற்றோட்டம் குறைந்தது. மெதுவாக நடப்பதால் பழகிப்போய்விடுகிறோம். புதுப் பேட் மாட்டியதும்தான் எவ்வளவு விலகியிருந்தது என்று தெரியும். அதே மாடலுக்கான அசல் பேடையே வாங்குங்கள். வேறு நிறுவனங்களின் தடித்த தோல் பேடுகள் மெத்தென்று இருக்கும், ஆனால் ஒலியை வேறு ஹெட்போனாக்கிவிடும்.

மின்விசிறி இன்னொரு பிரச்சினை. ஓபன்-பேக்கில் அதன் இரைச்சல் அப்படியே உள்ளே வரும். தம்புரா அடங்கும் வால், வசனத்துக்கு நடுவிலுள்ள மௌனம் போன்ற நுணுக்கங்கள் அதில் மூழ்கும். அதை மீற நம்மை அறியாமலே சத்தத்தைக் கூட்டுவோம். 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு. தினமும் ஹெட்போனில் உட்காருகிறவர்களுக்கு அந்த 40 மணி நேரம் சீக்கிரம் தீர்ந்துவிடும். நான் விசிறியைக் குறைந்த வேகத்தில், முதுகுக்குப் பின்னால் வைக்கிறேன். மௌனங்களைச் சரிபார்க்கும்போது மட்டும் நிறுத்திவிடுகிறேன்.

ஹெட்போனுக்குச் சக்தி கொடுக்கும் ஆம்ப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஹெச்டி 600-க்கு 300 ஓம், டிடி 990 ப்ரோவுக்கு 250, கே 702-க்கு 62. ஓம் குறைவு என்பதால் மட்டும் கே 702 போனில் நன்றாக ஓடிவிடும் என்று நினைக்க வேண்டாம், அதற்குக் கரண்ட் வேண்டும். ஓரளவு நல்ல ஆடியோ இன்டர்ஃபேஸ் (கணினியோடு இணைக்கும் ஒலிக் கருவி) இருந்தாலே மூன்றுக்கும் என் வேலைக்குத் தேவையான சத்தம் கிடைக்கிறது. தனி ஆம்புக்குச் செலவழிக்கும் பணத்தில் இன்னொரு ஜோடி பேட் வாங்கி வைப்பேன்.

ஒன்றே ஒன்று வாங்க முடியும், குரலோ வாத்தியமோ மிக்ஸ் செய்கிறேன் என்றால் ஹெச்டி 600. எடிட்டிங்தான் முக்கிய வேலை, கண்ணாடியும் போடுகிறீர்கள் என்றால் டிடி 990 ப்ரோ, ஈக்யூவோடு. ஏற்கெனவே ஒன்று வைத்திருந்து, இடமும் விரிவும் பார்க்க இரண்டாவது தேடுகிறீர்கள் என்றால் கே 702. எதுவானாலும் கடையிலோ நண்பரிடமோ குறைந்தது ஒரு மணி நேரம் போட்டுப் பாருங்கள். கண்ணாடி போடுகிறவர்கள் அதோடேயே, உங்களுக்கு நன்றாகப் பழக்கமான ஒரு பதிவை வைத்து, சத்தத்தைத் தாழ்த்திக் கேளுங்கள். முதல் பத்து நிமிடத்தில் டிடி 990 ப்ரோதான் ஜெயிக்கும், அப்போதே வாங்கிவிடாதீர்கள்.