பீலா, லேசரா? ட்ரேயா, கிளினிக்கா? நடுவில் இருக்கிற நாட்களின் கணக்கு

தங்கைக்குத் தை மாதம் முகூர்த்தம். ஓசூரில் மண்டபம் பிடித்த கையோடு அவள் ஓடியது பெங்களூரு சிக்பேட்டைக்குப் புடவை பார்க்க அல்ல, ஒரு தோல் கிளினிக்குக்கு. துணைக்கு நான். திரும்பும்போது கையில் மூன்று அட்டைகள்: கெமிக்கல் பீல், லேசர், பல் ஒயிட்டனிங். மூன்றிலும் ‘முன்’, ‘பின்’ என்று பளபளக்கும் படங்கள். நடுவில் இருக்கிற நாட்களுக்குத்தான் படமே இல்லை. அல்சூரிலிருந்து மாரத்தஹள்ளிக்குத் தினமும் ஸ்கூட்டரில் போய்வருகிறவளுக்கு அந்த நடு நாட்கள்தானே முக்கியம்? அதனால் விலையையும் விளம்பரத்தையும் தள்ளிவைத்துவிட்டு, எது எத்தனை நாள் கேட்கிறது, எதை விட்டுக்கொடுக்கச் சொல்கிறது என்று மட்டும் பார்த்தோம்.

முதலில் பீல். கிளைகாலிக், சாலிசிலிக் போன்ற அமிலத்தைச் சில நிமிடம் முகத்தில் பூசி, மேல்தோலின் பழைய அடுக்கை உரியவைப்பது. மேலோட்டமான பீல் என்றால் முதல் நாள் லேசான சிவப்பும் இழுத்துப் பிடித்த மாதிரி ஓர் இறுக்கமும்தான். ‘இவ்வளவுதானா’ என்று தோன்றும். மூன்றாம் நாள் வாயோரமும் தாடையும் உரிய ஆரம்பிக்கும். ஒரு வாரத்தில் அடங்கிவிடும். ஆனால் ஒரு தடவையோடு முடிகிற வேலை இல்லை. இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் நாலைந்து தடவையாவது போகவேண்டும். போவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே ரெட்டினால் கிரீம், ஸ்க்ரப், த்ரெட்டிங், வேக்சிங், பிளீச் எதுவும் கூடாது. உதட்டோரம் அடிக்கடி கொப்புளம் வருகிறவர்கள் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், மாத்திரை கொடுத்துவிட்டுத்தான் ஆரம்பிப்பார்கள். மெடிக்கல் ஷாப்பில் தாமாகவே வாங்கிப் பூசிய ‘சிவப்பழகு’ கிரீம்களையும் மறைக்கக் கூடாது. பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். அதனால் மெலிந்துபோன தோலில் அதே அமிலம் இன்னும் ஆழமாக இறங்கும்.

தங்கை இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தாள். கோட்டை விட்டது ஹெல்மெட்டில். முதல் பீலின் நான்காம் நாள், தாடைக்குக் கீழே தோல் மெல்லிய வெங்காயத் தோல் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. ஆபீஸ் போய் வார்பட்டையைக் கழற்றினாள், அதோடு சேர்ந்து ஒரு துண்டு வந்துவிட்டது. தானாக உதிர்ந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. பிய்ந்து வந்த இடத்தில் சுண்டுவிரல் அகலத்துக்குப் பழுப்பாக ஒரு கோடு. அது மறைய இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அட்டையில் ‘தோலை உரிக்காதீர்கள்’ என்று இருந்தது. ஹெல்மெட்டைப் பற்றி ஒரு வரி இல்லை. உரியும் மூன்று நான்கு நாளும் வீட்டிலிருந்து வேலை பார்க்க முடியாதவர்கள் மெட்ரோவிலோ ஆட்டோவிலோ போவது நல்லது.

லேசர் என்கிற ஒரே பெயரில் இரண்டு வேறு சமாச்சாரங்களை விற்கிறார்கள். கருமைக்குச் செய்யும் ‘டோனிங்’ பெரும்பாலும் 1064 நானோமீட்டர் அலைநீளத்தில். சிவப்பு சாயங்காலத்துக்குள் போய்விடும், ஆனால் பல தடவை நடக்கவேண்டும். பருத் தழும்புக்குச் செய்யும் ஃபிராக்ஷனல் சிஓ2 அப்படி இல்லை. தோலில் ஊசிமுனைத் துளைகள் போடுகிறது. அன்றைக்கு முகம் அடுப்பில் காட்டிய மாதிரி எரியும், மறுநாள் வீங்கும். அப்புறம் காபிப் பொடி தூவிய மாதிரி புள்ளிப் புள்ளியாகப் பொருக்கு. உதிர ஐந்தாறு நாள், சிவப்பு தணியச் சில வாரம். தழும்பு ஆழமாக இருந்தால் பீல் பக்கத்தில்கூட நிற்க முடியாது, இதற்குத்தான் பலன். ஆனால் கல்யாணத்துக்கு ஆறு மாதமாவது கையில் இல்லையென்றால் நான் தொடமாட்டேன்.

காரணம் நம் நிறம். தோல் வகைகளைப் பிரிக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் அட்டவணையை 1975-இல் ஹார்வர்டின் தாமஸ் ஃபிட்ஸ்பேட்ரிக் போட்டபோது அதில் வெள்ளைத் தோலுக்கான நான்கு வகைகளே இருந்தன. மாநிறத்துக்கும் கறுப்புக்கும் ஐந்தும் ஆறும் பின்னால்தான் சேர்ந்தன. நம்மில் பெரும்பாலோர் நான்கு, ஐந்து. சூடோ காயமோ பட்டால் இந்தத் தோல் நிறமியைக் கொட்டித்தான் பதில் சொல்லும். கருமையைப் போக்கப் போய்ப் புதுக் கருமை வாங்கி வருவது இப்படித்தான். ‘உங்கள் நிறத்துக்கு என்ன அளவு வைக்கிறீர்கள், முதலில் ஓர் ஓரத்தில் சோதித்துப் பார்ப்பீர்களா’ என்று கேளுங்கள். பதில் சொல்லத் திணறினால் எழுந்து வந்துவிடலாம். மங்கு இருக்கிறவர்கள் லேசரை முதல் வழியாக எடுக்கவே வேண்டாம். சட்டென்று வெளுக்கும், சில மாதத்தில் திரும்பி வந்து நிற்கும்.

இரண்டுக்கும் பொதுவான எதிரி வெயில். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே. குளுகுளு காற்றில் வெயில் உறைப்பதே தெரியாது. சென்னையில் என்றால் நாமே நிழல் தேடி ஓடுவோம். மேகமூட்டமானாலும் எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீனை இரண்டு விரல் நீளம் எடுத்து, வெளியே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பூசவேண்டும். தங்கை துப்பட்டாவும் சேர்த்துச் சுற்றிக்கொண்டாள். அல்சூர் ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலையே 2009-இல் திறக்கும்வரை 18 வருடம் மூடித்தான் இருந்தது, நீ ஒரு மாதம் தாங்கமாட்டாயா என்று அப்பா கேலி செய்தார். வலி குறையாமல் கூடினாலோ, சீழ், கொப்புளம் தெரிந்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போகவேண்டும்.

நலங்கு மஞ்சளையும் ஹோமப் புகையையும் எந்தக் கிளினிக்கும் கணக்கில் எடுப்பதில்லை. இரண்டும் புதுத் தோலுக்கு எரிச்சல். கடைசி பீல் முகூர்த்தத்துக்கு மூன்று வாரம் முன்னால் முடிந்திருக்க வேண்டும். தங்கை இரண்டோடு நிறுத்திக்கொண்டாள்.

பல் விஷயத்தில் முடிவு எனக்கு இன்னும் சுலபம். கிளினிக்கில் பல்லை வெளுக்கவைக்கும் ஜெல்லில் 25 முதல் 40 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு, ஒரு மணி நேர வேலை. ஈறுக்குத் தடுப்பு பூசுவார்கள். அதையும் மீறி ஜெல் பட்டால் அந்த இடம் வெளுத்து எரியும், பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகும். வீட்டு ட்ரே என்றால் பல்லுக்கு அச்செடுத்து, பல்வரிசையில் மாட்டிக்கொள்ளும் உறை மாதிரி செய்து தருவார்கள். அதில் போடும் ஜெல் 10 சதவீத கார்பமைடு பெராக்சைடு, அதாவது சுமார் மூன்றரை சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு. இரவில் போட்டுத் தூங்கவேண்டும், இரண்டு வாரம். அன்றைக்கே கண்ணாடியில் ஜெயிப்பது கிளினிக்தான். ஆனால் அந்த வெண்மையில் ஒரு பங்கு பல் உலர்ந்ததால் வருவது, சில நாளில் கொஞ்சம் இறங்கிவிடும். மாதம் கழித்துப் பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பல் கூச்சம் மட்டும் கிளினிக் முறையில் ஒரேயடியாக வந்து தாக்கும்: முதல் ராத்திரி ‘சுரீர் சுரீர்’ என்று. இரண்டு வாரம் முன்பிருந்தே பொட்டாசியம் நைட்ரேட் உள்ள பற்பசையில் தேய்த்து வந்தால் ஓரளவு தணியும். எதுவானாலும் முதலில் கிளீனிங், சொத்தை இருந்தால் அடைப்பு. கர்ப்பிணிகள் தள்ளிப்போடலாம். பல்லுக்கு மேல் மாட்டிய கேப்பும் பழைய அடைப்பும் வெளுக்காது என்பதைப் பல பேர் பணம் கட்டிய பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள். எலுமிச்சை, சோடா உப்பு வைத்தியம் பக்கமே போகவேண்டாம், எலுமிச்சையின் அமிலம் எனாமலைக் கரைக்கும்.

கிளினிக் சிகிச்சைக்குப் பிறகு இரண்டு நாள் காபி, டீ, சாம்பார், மஞ்சள், பீட்ரூட் வேண்டாம் என்பார்கள். இட்லி, தேங்காய்ச் சட்னி, தயிர்சாதத்தில் ஓட்டிவிடலாம். காபியை ஸ்ட்ரா போட்டுக் குடிக்கச் சொன்னபோதுதான் எனக்கு வெறுத்துப்போயிற்று. டபராவில் ஸ்ட்ராவா? நான் ட்ரே பக்கம் சாய்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

மாப்பிள்ளைக்கு ஊர் தர்மபுரி. சின்ன வயதில் குடித்த கிணற்றுத் தண்ணீரின் ஃபுளோரைடு முன்பற்களில் திட்டுத் திட்டாக எழுதிவைத்திருக்கிறது. வெளுத்தால் இந்த வெள்ளைத் திட்டுகள் முதலில் இன்னும் எடுத்துத்தான் தெரியும். மேலாகத் தேய்த்தெடுக்கும் மைக்ரோஅப்ரேஷனோ, ரெசின் ஊற்றி நிரப்புவதோதான் அவருக்குப் பொருந்தும். பல்லின் முன்னால் மெல்லிய ஓடு மாதிரி ஒட்டுகிற வெனீர் போட்டுவிடலாம் என்றார் ஒருவர். அதற்காக எனாமலை அரை மில்லிமீட்டர் அளவுக்குச் சீவினால் பிறகு திரும்பவே முடியாது. மாப்பிள்ளை யோசித்துவிட்டு அப்படியே இருக்கட்டும் என்றார். எனக்கும் அதுவே சரி என்று பட்டது.

நானும் தங்கையும் ட்ரே எடுத்துக்கொண்டோம். அவளுக்கு மூன்று நாள் கூச்சம் வந்தது, ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டாள். அவ்வளவுதான். மங்கினால் மறுபடி இரண்டு மூன்று இரவு போட்டால் போதும் என்று மருத்துவர் சொன்னதால் ட்ரேயைப் பத்திரமாக வைத்திருக்கிறோம். மிச்ச ஜெல் ஃப்ரிட்ஜில், இட்லி மாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அம்மா இரண்டு தடவை அதைத் தூக்கிப் போடப் போனாள்.