சோலரா, காற்றாலையா, சாண எரிவாயுவா: ஒலுவில் மாணவருக்கு எந்தச் செயற்றிட்டம்?

ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்திலோ அம்பாறை ஹார்டி உயர் தொழில்நுட்ப நிறுவனத்திலோ ஒரு மாணவர் குழு புதுப்பிக்கத்தக்க சக்தியைச் செய்து படிக்க வேண்டும், செயற்றிட்டம் ஒன்றுதான் என்றால் எதைக் கொடுப்பது? என் கண்ணுக்குப் போட்டி மூன்றுக்குள்: சோலர் நீர்ப்பம்பி, கையால் செய்யும் சிறிய காற்றாலை, சாண எரிவாயு. நீர்மின்னைச் சேர்க்கவில்லை. இங்கினியாகலை அணைக்கட்டு மின்நிலையத்தை மாணவருக்குக் கட்டாயம் காட்ட வேண்டும். ஆனால் கரையோர வாய்க்கால்களில் தண்ணீர் விழ உயரமே இல்லை.

எல்லோரும் முதலில் கை வைப்பது சோலரில். சாமான் கடையில் கிடைக்கிறது, பூட்டினால் தண்ணீர் வருகிறது. அதுவே அதன் குறை. பெனல், கொன்ட்ரோலர், பம்பி எல்லாம் வேறு யாரோ செய்து முடித்தவை; மாணவருக்கு மிஞ்சுவது வயரிங்கும் அறிக்கையும்தான். அளக்க வைத்தால் நிலைமை மாறும். பெனலில் எழுதியிருக்கும் 300 வாட் என்ற எண், செல்லின் வெப்பநிலை 25 பாகையாக இருக்கும்போது அளந்தது. சித்திரை வெயிலில் நம் கூரைமேல் அது 60 பாகையைத் தொடும். சிலிக்கன் பெனல் பாகைக்கு ஏறத்தாழ 0.4 சதவீதம் இழப்பதால், முழு வெயிலிலும் 260 வாட்டுக்குக் கீழேதான் கிடைக்கும். இதை மல்டிமீட்டரும் வெப்பமானியும் வைத்துத் தானே கண்டுபிடித்த பிள்ளை, பிறகு எந்த விற்பனையாளர் சொல்லும் எண்ணையும் அப்படியே எழுதிக்கொள்ளாது.

ஆனால் என் தெரிவு காற்றாலை. மின்சாரத்துக்காக அல்ல. 2 மீட்டர் விட்டமுள்ள சுழலி, செக்கனுக்கு 5 மீட்டர் காற்றில் 70 வாட் தந்தால் நல்ல வேலை. காற்று 4 மீட்டராக இறங்கினால் அதில் பாதிதான், ஏனென்றால் வலு வேகத்தின் மும்மடிக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏற்ப மாறுகிறது. இதை வகுப்பில் பலகையில் எழுதிக் காட்டலாம்; கச்சான் காற்று அடிக்கும்போதும் அடங்கும்போதும் தாங்கள் செய்த சுழலியின் வாசிப்பைக் குறித்துப் பார்த்தவர்களுக்குத்தான் அது உறைக்கும்.

செய்கிற வேலையும் இதில்தான் அதிகம். கையால் காற்றாலை செய்வதைக் கற்பிக்கும் ஸ்கொட்லாந்தின் ஹியூ பிகொட் பரப்பிய முறையில் சுழலியின் அலகுகளை (பிளேடுகளை) மரத்தில் செதுக்க வேண்டும், செப்புக்கம்பியைக் கையால் சுற்ற வேண்டும், நியோடைமியம் காந்தங்களை ரெசினில் பதிக்க வேண்டும். இயந்திரப் பிரிவும் மின் பிரிவும் ஒன்றாக நின்றால்தான் முடியும். கம்பத்துக்குச் சிவில் மாணவரும் வேண்டும். 1978 நவம்பர் சூறாவளியை நினைவில் வைத்திருக்கும் மாவட்டங்கள் இவை. காற்று கூடும் முன் சாய்த்து இறக்கக்கூடிய கம்பமாக இல்லாவிட்டால் நான் அனுமதிக்க மாட்டேன். கடற்கரை உப்பு போல்ட்டுகளைத் தின்னும் வேகமும் ஒரு பாடம்.

சாண எரிவாயுவை மூன்றாவதாக வைக்க மனமில்லை. ஊருக்கு உடனே உதவுவது அதுதான். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் மாட்டுப் பட்டிகளுக்குக் குறைவில்லை. நுண்ணுயிர்களுக்குப் பிடித்த 30, 35 பாகை வெப்பம் நமக்குச் சும்மா கிடைக்கிறது. 25 கிலோ சாணத்தை அதே அளவு தண்ணீரில் கரைத்தால் ஏறத்தாழ ஒரு கன மீட்டர் வாயு. சிக்கல், அதற்கு எடுக்கும் நேரம்தான். புதுத் தொட்டி சரியாக வாயு தரவே சில வாரங்கள் போகும். அவசரப்பட்டுச் சாணத்தைக் கூட்டினால் கலவை புளித்து நின்றுவிடும். ஒரு செமஸ்டருக்குள் இதற்கு மதிப்பெண் போடுவது நியாயமில்லை. ஒரு தொகுதி மாணவர் கட்டி, அடுத்த தொகுதி நடத்தி, அதற்கடுத்தது கந்தக நெடியைத் துருப்பிடித்த இரும்புத்தூளால் வடிகட்டிப் பார்க்கும் ஏற்பாடு இருந்தால் என் வரிசையே மாறும்.

உமியைச் சொல்லாமல் விட்டால் நெல் விளைவிக்கும் சம்மாந்துறைக்காரர் கோபிப்பார்கள். நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி, நல்ல எரிபொருள்தான். ஆனால் அதை வாயுவாக்கும் உலையில் கார்பன் மொனொக்சைட் என்ற நச்சு வாயு வருகிறது. வாயுமானியும் முழுநேர மேற்பார்வையும் இல்லாத பட்டறையில் அது வேண்டாம்.

காற்றாலைக்குப் பணமோ பட்டறையோ இல்லையென்றால் சோலருக்கே போகலாம். ஆனால் பெனலின் பின்னாலுள்ள லேபலை உரித்துவிட்டுக் கொடுங்கள். அது எத்தனை வாட் என்பதை அவர்களே அளந்து சொல்லட்டும்.