இரட்டைக் கீல் பாய்மரப் படகு: பேராக் கரையோரத்தில் எங்கள் பயன்பாட்டு அனுபவம்

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள ஆயர் தாவாரில் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே வளர்ந்த நண்பர்கள் சிலர் சேர்ந்து வாங்கிய 26 அடிப் பாய்மரப் படகை, பல ஆண்டுகளாக லுமுட்டில் நிறுத்திப் பராமரித்து வருகிறோம். விடுமுறை கிடைக்கும்போதெல்லாம் பங்கோர் தீவு, அதன் தெற்கேயுள்ள செம்பிலான் தீவுகள், வடக்கே மாத்தாங் அலையாத்திக் காடுகள் என்று சுற்றி வருவோம். கீல் (keel) என்பது பாய்மரப் படகின் அடியிலிருந்து நீருக்குள் நீளும் துடுப்பு போன்ற பகுதி. வழக்கமான ஒற்றைக் கீலுக்குப் பதிலாக, இதன் அடியில் இருபுறமும் குட்டையான இரண்டு கீல்கள் இருக்கின்றன. சேறும் ஆழமின்மையும் நிறைந்த பேராக் கரைக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு இல்லை என்பது என் உறுதியான கருத்து.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இங்கே கடல்நீர் ஓர் ஆள் உயரத்துக்கும் மேலாக ஏறி இறங்கும். ஒற்றைக் கீல் படகு அப்போது சேற்றில் சாய்ந்து படுத்துவிடும். எங்கள் படகோ இரண்டு காலூன்றி நிமிர்ந்து நிற்கும். பாக்காவ் எனப்படும் அலையாத்தி மரங்களின் ஓரத்தில் நீர் வற்றும்போது, முதலில் இடப்புறமும் பிறகு வலப்புறமும் கீல் தரையைத் தொடும் மெல்லிய அதிர்வு காலடியில் தெரியும். அரைமணி நேரத்தில் சேறு வெளிப்பட்டுவிட, உளுவை மீன்கள் துடுப்புகளை ஊன்றித் துள்ளுவதையும், ஒற்றைக் கொடுக்கு பெருத்த ஆண் நண்டுகள் அதை உயர்த்தி உயர்த்திப் பெட்டைகளை அழைப்பதையும், வெள்ளைக் கொக்குகள் ஒவ்வோர் அடியாக அளந்து வைத்து நடப்பதையும் உட்கார்ந்த இடத்திலிருந்தே காணலாம். ஒருமுறை நீர்நாய்க் கூட்டம் ஒன்று படகைச் சுற்றிக்கொண்டு கடந்து போனது. மாத்தாங்கின் ஏறத்தாழ 40,000 ஹெக்டேர் காடு 1902 முதல் முறைப்படி நிர்வகிக்கப்பட்டு, முப்பது ஆண்டுச் சுழற்சியில் கரிக்காக வெட்டப்பட்டும் இவ்வளவு உயிர்ப்போடு இருப்பது எனக்குப் பெருமையாக இருக்கிறது.

தரைதட்டி நிற்பதற்கு நாள் பார்க்க வேண்டும். நீரேற்றம் நாளுக்கு நாள் கூடிவரும் வேளையில் நின்றால் அடுத்த ஏற்றத்தில் மிதந்துவிடலாம். உச்ச ஏற்றத்தில் நின்றால், அதற்குப் பின் வரும் ஏற்றங்கள் குறைந்துகொண்டே போவதால், இரண்டு வாரங்கள் அங்கேயே கிடக்க நேரும்.

பங்கோரின் மேற்குக் கரையிலுள்ள தெலுக் நிப்பாவில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நங்கூரமிடுவது நல்லது, ஏனெனில் அப்போது வீசும் வடகிழக்குக் காற்றைத் தீவே மறைத்துவிடும். இங்கு இருவாச்சிகள் கூட்டமாக வரும். பெட்டை மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொள்ள, ஆண் பறவை சிறு பிளவு வழியே இரை கொடுக்கும் வழக்கத்தை அறிந்தவர்கள் அவற்றுக்குப் பழம் எறிந்து பழக்கப்படுத்த மாட்டார்கள் என்று நம்புகிறேன். 1670இல் கட்டப்பட்ட டச்சுக் கோட்டையையும், கடலைப் பார்த்து நிற்கும் பத்திரகாளியம்மன் ஆலயத்தையும் கரையிறங்கிப் போய்ப் பார்க்கலாம். மாசி மகத்தின்போது மட்டும் கூட்டம் நிரம்பி வழியும்.

குறைகளும் உண்டு. எதிர்காற்றில் படகு பக்கவாட்டில் நழுவுகிறது. ஒற்றைக் கீல் படகு போலக் காற்று வரும் திசையை நெருங்கிச் செல்லாது. கீல்களுக்கு இடையே ஒட்டிப் படியும் கொட்டலசு என்ற ஓடுள்ள சிறு கடலுயிரிகளைச் சுரண்டுவது முதுகை ஒடிக்கும் வேலை. சேற்றில் நிற்கும்போது எஞ்சினைக் குளிர்விக்கக் கடல்நீரை உறிஞ்சும் குழாய் அடைபடும் என்பதால், முழுதாக மிதக்கும்வரை எஞ்சினை இயக்கக் கூடாது. வெயிலில் பாய்த் துணிக்கு முன்பாக அதன் தையல் நூல் இற்றுப்போகிறது. உறை போட்டு மூடியே வைக்கிறோம். ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியற்காலையில் சுமத்ராவிலிருந்து வரும் சூறைக்காற்றுக்கு அஞ்சியும், மீன்வலைகளைத் தவிர்க்கவும் இரவில் பயணம் செய்வதில்லை.

பழைய இரட்டைக் கீல் படகை வாங்க நினைப்பவர்கள் பாயையும் எஞ்சினையும் பார்ப்பதற்கு முன், படகைக் கரையேற்றிக் கீல்கள் உடலோடு இணையும் இடத்தைப் பாருங்கள். போல்ட்டுகளைச் சுற்றி மயிரிழை விரிசலோ துருக்கசிவோ தெரிந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்க வேண்டாம். ஒவ்வொரு முறை தரைதட்டும்போதும் படகின் முழு எடையையும் தாங்குவது அந்த இணைப்புதான்.