கரகரக்கும் கிராஸ்ஃபேடர்: கழுவுவதா, மாற்றுவதா?

டிஜே மிக்ஸரில் அதிகம் அடிவாங்குவது கிராஸ்ஃபேடர், அதாவது ஒரு பாட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற இடம் வலமாகத் தள்ளும் குமிழ். தள்ளும்போது கரகரவென்று இரைச்சல் வரும். ஒரு ஓரத்துக்கு முழுக்கத் தள்ளிய பிறகும் மறுபக்கத்துப் பாட்டு லேசாகக் கசியும். அப்போது இருக்கும் வழிகள் இரண்டு: கிளீனர் அடித்துக் கழுவலாம், இல்லையென்றால் ஃபேடரையே மாற்றலாம். நான் இரண்டையும் செய்து பார்த்தேன். என் மிக்ஸரில் இப்போது ஓடுவது மாற்றிய ஃபேடர்தான்.

அதற்கு முன்னால், குறை ஃபேடரில்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கிராஸ்ஃபேடரை விலக்கிவைக்கும் சுவிட்ச் இருந்தால் அதைப் போட்டுவிட்டு, சேனல் ஃபேடரில் (ஒவ்வொரு பாட்டின் ஒலியையும் தனித்தனியே கூட்டிக் குறைப்பது) மட்டும் பாட்டை ஓட்டிக் கேளுங்கள். இரைச்சல் நின்றால் குற்றவாளி கிராஸ்ஃபேடர். நிற்காவிட்டால் கேபிளையும் இன்புட்டையும் பாருங்கள். கணினியில் ஓடும் டிஜே மென்பொருளை இயக்கும் கன்ட்ரோலர் என்றால் குறையைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம்: நீங்கள் கையே வைக்காதபோது மென்பொருள் திரையில் ஃபேடர் தானாகத் துடித்துக்கொண்டிருக்கும்.

கழுவுவது மலிவு, சீக்கிரம் முடியும். ஆனால் மேலே உள்ள பிளவு வழியாக ஸ்ப்ரே அடிக்கக் கூடாது. அழுக்கு இன்னும் உள்ளே போகும், கீழே இருக்கும் போர்டிலும் வழியும். மின்சாரத்தைத் துண்டித்து, ஃபேடரைக் கழற்றி, ஃபேடருக்கென்றே விற்கும் கிளீனரை அடித்து, பலமுறை முன்னும் பின்னும் தள்ளி, கவிழ்த்து வைத்துக் காயவிட வேண்டும். வெறும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போட்டால் கிரீஸும் சேர்ந்து போய்விடும், தள்ளும்போது வறண்டு இழுக்கும். டபிள்யூடி-40 பக்கமே போகாதீர்கள். அதன் பிசுக்கில் தூசி வந்து ஒட்டும். சுத்தமாகக் கழுவினால் அன்றைக்கே வித்தியாசம் தெரியும்.

பிரச்சினை அதற்கப்புறம்தான். என் ஃபேடரில் இரைச்சல் திரும்பி வந்தது, மறுபடி கழுவினேன், முன்னைவிடச் சீக்கிரமாகவே திரும்பியது. பிரித்துப் பார்த்தபோது காரணம் புரிந்தது. கருப்புக் கார்பன் தடத்தில், உலோக விரல்கள் உரசிச் செல்லும் பாதை மட்டும் வெளிறிய கோடாகப் பள்ளம் விழுந்திருந்தது. கிளீனர் அழுக்கை எடுக்கும், தேய்ந்த கார்பனைத் திருப்பித் தராது. இன்னொன்றும் உண்டு. பல மிக்ஸர்களில் பாட்டு கிராஸ்ஃபேடர் வழியாகப் போவதே இல்லை. ஃபேடர் ஒரு மின்னழுத்தத்தை மட்டும் அனுப்புகிறது, ஒலியைக் கூட்டிக் குறைப்பது வேறொரு சிப். அந்த மின்னழுத்தத்தின் சின்னச் சின்னத் தடுமாற்றங்களைக் கெப்பாசிட்டர் சமன் செய்துவிடுவதால், குறை காதில் விழும் நேரத்துக்குத் தடம் பெரும்பாலும் நன்றாகத் தேய்ந்திருக்கும். தூசியால் வந்த இரைச்சல் என்றால் கழுவியதோடு போய்விடும். திரும்பி வந்தால் அது தேய்மானம். எத்தனை முறை கழுவினாலும் வரும். நடு நிகழ்ச்சியில் எப்போது கைவிடும் என்று தெரியாத ஃபேடரை வைத்துக்கொண்டு என்னால் நிம்மதியாக வாசிக்க முடியாது.

மாற்றுவதும் பயந்த அளவுக்குக் கஷ்டமில்லை. பல மிக்ஸர்களில் கிராஸ்ஃபேடர் இரண்டு மூன்று ஸ்க்ரூவிலும் ஒரு கனெக்டரிலும்தான் நிற்கிறது, சால்டரே தேவைப்படாது. வாங்கும்போது நகரும் நீளம் (பெரும்பாலும் 45 மி.மீ.), ஓம் மதிப்பு, ஏ டேப்பரா பி டேப்பரா, கனெக்டர், தண்டின் அளவு எல்லாம் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். டேப்பர் என்பது தள்ளத் தள்ள ஃபேடரின் மதிப்பு எப்படி மாறுகிறது என்பது; அது மாறினால் ஒலி ஏறும் விதமே மாறிவிடும்.

உள்ளே பாகங்கள் ஒன்றையொன்று தொடாமல் இயங்கும் காந்த ஃபேடரும் இருக்கிறது. ரேன், பயோனியர் நிறுவனங்கள் ஸ்கிராட்ச் மிக்ஸர்களில் அதை வைக்கின்றன. உரசும் தடம் இல்லை என்பதால் இந்தத் தேய்மானமும் இல்லை. நண்பர்களின் மிக்ஸரில் வாசித்த அளவில் கைக்கு இதமாக இருந்தது. வருடக்கணக்கில் நானே ஓட்டிப் பார்க்காததால் அதற்குமேல் சொல்ல மாட்டேன்.

சேனல் ஃபேடர் விஷயத்தில் மட்டும் முதலில் கழுவத்தான் சொல்வேன். அதை அந்த அளவுக்கு யாரும் அடித்து ஓட்டுவதில்லை. தவிர, பல மிக்ஸர்களில் அதை போர்டோடு சேர்த்தே சால்டர் செய்திருப்பார்கள். பழகாத கையால் சூடுவைத்துப் பிடுங்கினால் செம்புத் தடமும் சேர்ந்து உரிந்து வந்துவிடும்.