கார் கண்ணாடியில் கோடு விழாமல் துடைப்பது: போர் தண்ணீர் ஏரியாவில் சில வருட அனுபவம்

பகலில் பளிச்சென்று தெரியும் முன்கண்ணாடியை நம்பக் கூடாது. ராத்திரி எதிரே ஒரு லாரி ஹைபீம் போட்டுக்கொண்டு வரட்டும், துணி போன தடம், வைப்பர் போட்ட வளைவு, தண்ணீர் காய்ந்த வட்டம் எல்லாம் அந்த வெளிச்சத்தில் எழுந்து நிற்கும். சாலையே தெரியாது. கண்ணாடி துடைக்கும் பொருள் எதுவானாலும் நான் எடைபோடுவது இந்த ஒரு சோதனையை வைத்துத்தான்.

நான் இருப்பது சென்னையின் தென்பக்கம், பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில். குழாயில் வருவது போர் தண்ணீர். கோடையில் அது இறங்கிவிட்டால் லாரித் தண்ணீர். கார் பாதி நாள் வெயிலில்தான் நிற்கும். இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. கோயம்புத்தூரில் சிறுவாணித் தண்ணீரில் கார் கழுவுகிறவர் எதைச் செய்தாலும் கண்ணாடி பளிச்சென்று ஆகிவிடும், அவர் சொல்லும் யோசனை இங்கே வேலைக்கு ஆகாது. இத்தனை வருடத்தில் என் கணக்கு இதுதான்: கோடு விழுவதற்கு முக்கால்வாசிக் காரணம் தண்ணீர், மீதியில் பெரும்பகுதி துணி. விளம்பரத்தில் காட்டும் ஸ்பிரே பாட்டிலுக்குக் கடைசி இடம்தான்.

தண்ணீரிலிருந்தே தொடங்குகிறேன். டிடிஎஸ் மீட்டர் என்று பேனா அளவில் ஒரு கருவி ஆன்லைனில் கிடைக்கிறது, விலை சில நூறு ரூபாய்தான். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பைத் தோராயமாகக் காட்டும். குடிநீருக்கான இந்தியத் தரம் (ஐ.எஸ். 10500) லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கலாம் என்கிறது, வேறு தண்ணீருக்கு வழியில்லாத இடத்தில் 2,000 வரை அனுமதிக்கிறது. எங்கள் போர் தண்ணீர் ஆயிரத்தைத் தாண்டிக் காட்டுகிறது. லிட்டருக்கு ஒரு கிராம் என்று வைத்துக்கொண்டாலும், கழுவி முடித்தபின் கார் மேல் தங்கும் அரை லிட்டர் தண்ணீர் வெயிலில் காய்ந்தால் அரை கிராம் உப்பு அப்படியே மேலே படிந்துவிடும். அதில் கால்சியம், மெக்னீசியம் எல்லாம் சேர்ந்திருக்கும். கண்ணாடியில் தெரியும் வெள்ளை வட்டங்கள் இவைதான். அதன் மேல் எவ்வளவு விலை உயர்ந்த ஸ்பிரே அடித்துத் துடைத்தாலும் உப்பு இங்கிருந்து அங்கே நகருமே தவிர, போகாது.

இதில் எங்கள் குடியிருப்பில் பலர் செய்யும் ஒரு காரியத்தைச் சொல்லியாக வேண்டும். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று பக்கெட்டில் பிடித்துக் கார் கழுவுகிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் குடிக்கும் தண்ணீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் சேர்ந்து வருவது அந்தக் குழாயில்தான். போர் தண்ணீரை விட அதில் உப்பு கூடுதல். வாசல் கழுவலாம், வீடு துடைக்கலாம், கார் கண்ணாடிப் பக்கம் மட்டும் கொண்டுபோகக் கூடாது.

அப்படியானால் எந்தத் தண்ணீர்? கார் முழுவதையும் ஆர்.ஓ. தண்ணீரில் குளிப்பாட்ட முடியாது, அது அநியாயம். உடம்பைப் போர் தண்ணீரிலேயே கழுவி உடனே துடைத்துவிடலாம். கண்ணாடிக்கு மட்டும் கடைசியாக ஒரு கை உப்பில்லாத தண்ணீர் போதும், ஒரு சொம்பு கூட ஆகாது. மூன்று வழிகளை மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறேன். ஆர்.ஓ. குடிநீர் பரவாயில்லை, கொஞ்சம் உப்பு அதிலும் இருக்கும். ஸ்பிளிட் ஏசியின் குழாயிலிருந்து சொட்டும் தண்ணீர் காற்றின் ஈரம் குளிர்ந்து வருவது என்பதால் உப்பு மிகக் குறைவு. ஆனால் ஏசிக்குள் குளிரும் குழாய்களில் படிந்த தூசியும் கூடவே வரும், வேட்டித் துணியில் வடிகட்டித்தான் எடுக்க வேண்டும். எனக்கு நிலைத்தது பேட்டரிக் கடையில் கேனில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர். ஒரு கேன் வாங்கினால் பல மாதம் வருகிறது. கடையில் 'பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணி' என்று தெளிவாகக் கேளுங்கள், ஆசிட் கேனும் அங்கேதான் பக்கத்தில் இருக்கும்.

காலையில் கார் துடைக்க வருகிற அண்ணன் ஒரே பக்கெட் தண்ணீரில் வரிசையாகக் கார்களைத் துடைத்துக்கொண்டே வருவார். எங்கள் கார் முறை வரும்போது தண்ணீர் பழுப்பாகியிருக்கும். "கண்ணாடியை மட்டும் விட்டுடுங்கண்ணா, அதை நான் பாத்துக்கறேன்" என்றேன். "ஏன் சார், நல்லாத்தானே தொடைக்கிறேன்?" என்று முகம் வாடிவிட்டது. அவர் துடைப்பதில் குறையில்லை, அந்தப் பக்கெட்டும் அழுக்குத் துணியும்தான் பிரச்சினை என்று விளக்கி, தனியாக இரண்டு துணி வாங்கிக் கொடுத்தபின் சமாதானம் ஆனார். இப்போது மேலே தூசி தட்டுவதோடு கண்ணாடியை விட்டுவிடுகிறார். மார்கழிப் பனியில்தான் இந்த ஏற்பாட்டின் அருமை தெரிகிறது. பனி இறங்கிய கண்ணாடியில் முந்தைய நாள் தூசி குழைந்து கிடக்கும், அதைக் காய்ந்த துணியால் இழுத்தால் மண்ணைப் பூசுவதுதான் நடக்கும். போகிப் புகைக்கு மறுநாள் கேட்கவே வேண்டாம்.

ஏற்கெனவே படிந்து இறுகிப்போன வெள்ளை வட்டங்களுக்கு மளிகைக் கடை வெள்ளை வினிகர் நன்றாகவே வேலை செய்கிறது. அதில் இருக்கும் அசிட்டிக் அமிலம் சுண்ணாம்பு உப்பைக் கரைக்கும். நிழலில் நிறுத்தி, கண்ணாடி ஆறியபின், வினிகரில் நனைத்த டிஷ்யூவை வட்டங்கள் மேல் ஒட்டவைத்து ஐந்து நிமிடம் விடுவேன். விரல் நுனியால் தடவிப் பார்த்தால் சொரசொரப்பு போயிருக்கும். போகாவிட்டால் இன்னொரு முறை. பிறகு நல்ல தண்ணீரில் கழுவிவிட வேண்டும், பெயின்ட் மேல் வழிய விடக் கூடாது. எலுமிச்சம்பழம் வைத்துத் தேய்ப்பவர்களும் உண்டு, அதுவும் அமிலம்தான், ஆனால் பிசுபிசுப்பைத் துடைக்கத் தனியாக மெனக்கெட வேண்டும்.

வினிகருக்கும் மசியாத வட்டங்கள் உண்டு. நாள்கணக்கில் வெயிலில் வெந்து கண்ணாடியையே அரித்தவை அவை. சீரியம் ஆக்ஸைடு என்ற பொடியைத் தண்ணீரில் குழைத்துத் தேய்த்தால் கண்ணாடியின் மேற்பரப்பு துளி அளவு தேய்ந்து வட்டம் மறையும். கண்ணாடிப் பட்டறைகளில் பாலிஷுக்குப் பயன்படுத்தும் பொருள்தான். கையால் தேய்த்தால் தோள்பட்டை கழன்றுவிடும், மெஷினும் ஃபெல்ட் பேடும் வேண்டும். காரைப் பாலிஷ் போட்டுத் தரும் ஒரு டீடெய்லிங் கடையில் நான் செய்துகொண்டேன். அன்றைக்குக் கண்ணாடி இருப்பதே தெரியவில்லை. ஆனால் வழக்கமான தண்ணீருக்கே திரும்பிவிட்டால் சில மாதத்தில் வட்டங்களும் திரும்பிவிடும். தண்ணீரைச் சரிசெய்யாமல் இதற்குச் செலவு செய்வது வீண்.

அடுத்து துணி. ஒர்க் ஷாப்களில் கிலோ கணக்கில் வாங்கும் பனியன் வேஸ்ட் கிரீஸ் துடைக்க அருமையான பொருள், கண்ணாடியில் நூலும் பஞ்சும் விட்டுப்போகும். பழைய செய்தித்தாளுக்கு இன்றும் ரசிகர்கள் இருக்கிறார்கள். வீட்டு நிலைக்கண்ணாடிக்கு அது உண்மையிலேயே நன்றாக வேலை செய்கிறது. காரில் கண்ணாடி ஓரத்து ரப்பர் பட்டையான பீடிங்கிலும் வெளிர் நிறச் சீலிங் துணியிலும் மை ஒட்டிவிடுகிறது, வளைந்த மூலைகளில் தாள் கசங்கிக் கிழிகிறது. எனக்குச் சரிப்பட்டது மைக்ரோஃபைபர்தான். அதிலும் பஞ்சுபோலப் புசுபுசுவென்று இருக்கும் வகை பெயின்ட்டுக்கு. கண்ணாடிக்கு மெல்லிய, முடி குறைந்த, சின்னச் சின்னக் கட்டம் போட்ட நெசவு வேண்டும். ஈரத்துக்கு ஒன்று, காய்ந்தது ஒன்று, இரண்டையும் நான்காக மடித்து ஒவ்வொரு கண்ணாடிக்கும் புதுப் பக்கம் திருப்ப வேண்டும். கோடு மறைவது அந்த இரண்டாவது காய்ந்த துணியில்தான், பலரும் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

இந்தத் துணியைத் துவைப்பதில் கவனம் வேண்டும். வாசனைக்காக ஊற்றும் ஃபேப்ரிக் கண்டிஷனர் பட்டால் இழைகளில் ஒரு பூச்சு ஏறி, துணி தண்ணீரை உறிஞ்சாது, கண்ணாடியில் மெழுகுபோல இழுக்கும். துண்டு, பனியனோடு மெஷினில் போட்டால் அவற்றின் பஞ்சு முழுவதையும் பிடித்துக்கொள்ளும். தனியாக, கொஞ்சம் லிக்விட் சோப்பில், கையால் கசக்கிவிடுங்கள். போர் தண்ணீரில் அலசிக் காயவைத்த துணியிலும் உப்பு தங்கும், விறைப்பாக நிற்கும். அதனால் கடைசி அலசல் மட்டும் ஆர்.ஓ. தண்ணீரில். என் மனைவி இதைப் பார்த்துச் சிரிக்காத நாளில்லை. அவர் சேலைக்குக் கூட இந்த மரியாதை கிடைப்பதில்லையாம்.

உள்பக்கக் கண்ணாடி வேறு கதை. அங்கே உப்பு இல்லை, எண்ணெய்ப் படலம். மூடிய கார் வெயிலில் கொதிக்கும்போது டேஷ்போர்டு பிளாஸ்டிக்கிலிருந்து ஆவியாகும் பொருட்கள் கண்ணாடியில் போய்ப் படிகின்றன. புதுக் காரில் இது அதிகம். நம் ஊரில் கூடுதலாகப் பிள்ளையார் முன் கொளுத்தும் ஊதுபத்தி, வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி எல்லாமும் சேரும். டேஷ்போர்டைப் பளபளப்பாக்கும் சிலிக்கோன் பாலிஷ் இன்னொரு எதிரி. அதை அடித்த வாரமே முன்கண்ணாடியின் கீழ்ப்பகுதியில் மங்கல் ஏறுவதைக் கவனித்து, அதை அடியோடு நிறுத்திவிட்டேன்.

இந்தப் படலத்துக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி கலந்து ஒரு சின்ன ஸ்பிரே பாட்டிலில் வைத்திருக்கிறேன். எண்ணெயைக் கரைக்கும், சீக்கிரம் ஆவியாகும், எதையும் விட்டுப்போகாது. எளிதில் தீப்பற்றும் என்பதால் காரிலேயே வைத்துவிட்டுப் போகக் கூடாது, கதவுகளைத் திறந்துவைத்துத்தான் துடைக்க வேண்டும். நீல ஸ்பிரேக்கள் மோசமில்லை. ஆனால் சூடான கண்ணாடியில் துடைப்பதற்குள் காய்ந்து தடம் விடுகின்றன. அமோனியா கலந்த கிளீனர் சன் ஃபிலிமைக் கெடுக்கும், லேபிளைப் பார்த்து வாங்குங்கள். 2012-இல் உச்ச நீதிமன்றம் கார் கண்ணாடிகளில் கறுப்பு ஃபிலிம் ஒட்டத் தடை விதித்தபோது பலரும் உரித்தெடுத்தார்கள். அந்தக் காலத்துப் பழைய காரை வாங்கியவர்கள் பின்கண்ணாடியில் மிச்சமிருக்கும் பசையைப் பிளேடால் சுரண்டிவிடாதீர்கள், கண்ணாடியின் ஈர மங்கலைச் சூடாக்கிப் போக்கும் டீஃபாகர் கம்பிகள் அறுந்துபோகும். துடைக்கும்போதும் அந்தக் கோடுகளின் போக்கிலேயே இடவலமாகத்தான் துடைக்க வேண்டும்.

உள்ளே எப்போதும் துணியில்தான் ஸ்பிரே, கண்ணாடியில் இல்லை, வழிந்தால் சுவிட்சுகளுக்குள் போகும். முன்கண்ணாடி டேஷ்போர்டோடு சேரும் கீழ்மூலைக்கு உள்ளங்கை போகாது. பயணி இருக்கையில் உட்கார்ந்து, துணியைப் புறங்கையில் சுற்றி, கையைத் திருப்பிவைத்து இழுத்தால் எட்டும். உள்ளே இடவலம், வெளியே மேலிருந்து கீழ் என்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டால், கோடு தெரியும்போது அது எந்தப் பக்கம் என்று தேட வேண்டியதில்லை. கதவுக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி மேல் விளிம்பை முதலில் துடையுங்கள், பீடிங்கில் ஒளிந்திருக்கும் அழுக்கு அங்கேதான் கறுப்பாகச் சேர்ந்திருக்கும். ஃபாஸ்டேக் ஸ்டிக்கரைச் சுற்றி நனைக்காமல் போங்கள்.

வைப்பரை மறந்துவிட்டால் இவ்வளவும் பாழ். ஈரத்துணியால் பிளேடின் ரப்பரை ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள், கரி மாதிரி வரும். துணியில் கறுப்பு வருவது நிற்கும்வரை துடைப்பேன். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், அக்டோபர் தொடக்கத்தில், புது ரப்பர் மாற்றிவிடுவது வழக்கம். நம் வெயிலில் அது ஒரு கோடையைத் தாண்டுவதே பெரிது. வாஷர் டேங்கில் ஷாம்பு ஊற்றும் பழக்கம் நிறையப் பேரிடம் இருக்கிறது. நுரை காய்ந்து அதுவே கோடாகும். எனக்கு அங்கும் பேட்டரித் தண்ணீர்தான்.

ஆயுத பூஜை அன்று வைக்கும் சந்தனமும் குங்குமமும் காய்ந்துபோனால் வறட்டுத் துணியால் தேய்க்காதீர்கள், ஊறவைத்து எடுங்கள். தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்தினால் சொட்டும் பிசினுக்கு அந்த ஆல்கஹால் கலவை போதும்.

கண்ணாடியில் பூசினால் மழைத்துளி உருண்டோடும் ரெயின் ரிப்பெலண்ட் பற்றிக் கேட்பவர்களுக்கு: கிழக்குக் கடற்கரைச் சாலையில் எண்பதில் போகும்போது துளிகள் ஓடுவதைப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். வேளச்சேரி நெரிசலில் பத்தில் ஊரும்போது துளிகள் அங்கேயே நிற்கின்றன, வைப்பர் போட்டால் டர்ர் டர்ரென்று அதிர்கிறது. ஒரு மழைக்காலம் முடிவதற்குள் தேய்ந்தும் போனது. பாட்டிலில் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறது, அடையாறு பக்கம் யாருக்காவது வேண்டுமென்றால் சும்மாவே எடுத்துக்கொள்ளலாம்.